மிட்ஹர்ஸ்ட் பழைய காசநோய் மருத்துவமனைக்குள் ஒரு சொகுசு வீடு: வாங்கலாமா?

மலைச்சாரல்

எல்லோருக்கும் வணக்கம். மேற்கு சசெக்ஸில் மிட்ஹர்ஸ்ட் என்ற சிற்றூருக்கு வடக்கே, பைன் மரச் சரிவில், ஏழாம் எட்வர்ட் மன்னரின் பெயரில் ஒரு காசநோய் மருத்துவமனை இருந்தது. 2006இல் மூடினார்கள். பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்த பிறகு சொகுசு அடுக்குமாடிக் குடியிருப்பாக மாற்றிவிட்டார்கள். அங்கே இரண்டு படுக்கையறை வீடு ஒன்று மறுவிற்பனைக்கு வந்திருக்கிறது. தெற்கே பார்த்த பால்கனி, உயரமான கூரை, எதிரே சவுத் டவுன்ஸ் மலைத்தொடர். படத்தைப் பார்த்ததிலிருந்து என் கணவருக்கு வேறு பேச்சே இல்லை.

நாங்கள் இப்போது லண்டன் ஓரத்துச் சர்பிட்டனில் இருக்கிறோம். மகள் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டாள். எனக்கு வாரத்தில் இரண்டு நாள்தான் லண்டன் வேலை. சர்பிட்டன் வீட்டை விற்காமல் வாடகைக்கு விடலாம் என்று எண்ணம்.

என் தயக்கங்கள்: இது லீஸ்ஹோல்டு, அதாவது நிலம் வேறொருவருடையது, நமக்கு நீண்டகாலக் குத்தகைதான். கட்டடம் பாரம்பரியப் பட்டியலில் கிரேடு 2 நட்சத்திரத் தகுதியில் (மூன்று படிகளில் இரண்டாவது) இருக்கிறது. ஆணி அடிக்கவும் அனுமதி கேட்க வேண்டுமா? சர்வீஸ் சார்ஜ் (பொதுப் பராமரிப்புக் கட்டணம்) எங்கே போய் நிற்கும்? திருச்சியில் இருக்கும் என் அம்மாவோ, "நோயாளிகள் செத்த இடத்தில் போயா பால் காய்ச்சுவாய்?" என்கிறார். இப்படிப்பட்ட கட்டடங்களில் வாழ்ந்தவர்கள், வேலை செய்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

நிலவுமொழி

ஒரே வரியில் சொல்கிறேன், வேண்டாம். அதே பணத்துக்குக் கில்ட்ஃபோர்டு பக்கம் தோட்டத்தோடு, நிலமும் சொந்தமான ஃப்ரீஹோல்டு வீடு தேடலாம். "வரலாற்றுச் சிறப்பு" என்று விளம்பரத்தில் எழுதியிருந்தால், குளிருக்கும் பராமரிப்புக்கும் நீங்கள் பணம் கட்டப் போகிறீர்கள் என்று பொருள். ஹேஸல்மியர் ரயில் நிலையத்துக்கே கார் வேண்டும். மிட்ஹர்ஸ்டுக்கு இருந்த பயணிகள் ரயிலை 1955இலேயே நிறுத்திவிட்டார்கள்.

பத்திரம் பார்ப்பவன்

வீடு வாங்கல் விற்றல் பத்திர வேலைதான் எனக்குச் சோறு போடுகிறது. நிலவுமொழி அளவுக்கு நான் கதவை அடைக்க மாட்டேன், ஆனால் கணக்கை முதலில் பார்த்துவிடுவோம்.

விலையை 6 லட்சம் பவுண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2025 ஏப்ரல் முதல் உள்ள விகிதப்படி, முதல் 1,25,000 பவுண்டுக்கு ஸ்டாம்ப் டியூட்டி (வீடு வாங்கும்போது கட்டும் வரி) இல்லை. அடுத்த 1,25,000க்கு 2 சதவீதம், அதற்கு மேல் 5 சதவீதம். மொத்தம் 20,000 பவுண்ட். சர்பிட்டன் வீட்டை வைத்துக்கொண்டே வாங்கினால் முழு விலைக்கும் கூடுதலாக 5 சதவீதம் உண்டு. அது 30,000. ஆக 50,000 பவுண்ட், சாவி கைக்கு வருவதற்குள். புது வீட்டில் குடியேறி, மூன்று ஆண்டுகளுக்குள் சர்பிட்டன் வீட்டை விற்றால் அந்த 30,000ஐத் திரும்பக் கேட்கலாம். வாடகைக்கு விட்டு வைத்திருந்தால் போனது போனதுதான்.

அடுத்தது லீஸ். 2022 ஜூன் 30 முதல் எழுதப்படும் புதிய நீண்டகால லீஸ்களில் கிரவுண்ட் ரென்ட் (நிலஉரிமையாளருக்குக் கட்டும் நில வாடகை) வாங்கக் கூடாது. நீங்கள் பார்ப்பது மறுவிற்பனை. லீஸ் அதற்கு முன் எழுதப்பட்டிருந்தால் பழைய கிரவுண்ட் ரென்ட் அப்படியே தொடரும். எவ்வளவு, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை உயரும், எந்தக் கணக்கில் உயரும் என்பதைப் பத்திரத்தில் பாருங்கள். ஏஜென்ட் வாயால் சொல்வதை நம்பாதீர்கள்.

மற்றவை பிறகு. ஒன்று மட்டும் இப்போதே: எல்.பி.இ.1 என்ற படிவத்தை விற்பவரிடமிருந்து சீக்கிரம் வாங்கச் சொல்லுங்கள். சர்வீஸ் சார்ஜ், சேமநிதி (பெரிய பழுதுகளுக்காகச் சேர்த்து வைக்கும் பொதுப் பணம்) இருப்பு, வரப்போகும் பெரிய வேலைகள், நிலுவை, தகராறு எல்லாம் அதில் வரும். அந்தப் படிவத்தின் மௌனமும் பேசும். "சேமநிதி" என்ற இடம் காலியாக இருந்தால் அங்கேயே பேனாவை வைத்துவிட்டு யோசியுங்கள்.

கோண்டாவிலான்

தங்கச்சி, நான் இப்படியான ஒரு கட்டடத்தில் வீடு வாங்கி இன்றுவரை அங்கேதான் இருக்கிறேன். உங்கள் ஊர் இல்லை, வேறு கவுண்டி. முன்பு மனநல மருத்துவமனை. கோபுரம், மணிக்கூண்டு, நீளமான ஓட்டுக்கூரை எல்லாம் உண்டு. பார்க்க வருகிறவர்கள் அரண்மனை என்பார்கள். கூரைக்குச் சாரம் கட்டிய ஆண்டில் எனக்கு வந்த கடிதத்தைப் பார்த்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

என் கோபம் வேலை நடந்ததில் இல்லை. கூரை ஒழுகினால் திருத்தத்தான் வேண்டும். ஆரம்பத்தில் கட்டணத்தைக் குறைத்துக் காட்டி வீடுகளை விற்றார்கள், சேமநிதிக்கு ஒப்புக்குக் கொஞ்சம் ஒதுக்கினார்கள், பெரிய செலவு வந்தபோது எங்கள் தலையில் கொட்டினார்கள். அதுதான் கோபம். அந்த நிறுவனத்தின் பெயர்

[நெறியாளர்: பெயரை நீக்கியிருக்கிறேன். அனுபவத்தை எழுதுங்கள், பெயர் வேண்டாம்.]

சரி, பெயர் இல்லாமலே சொல்கிறேன். உங்கள் வீட்டுக் கதவுக்கு உள்ளே இருப்பதைப் பார்த்து விலை பேசாதீர்கள். கூரை எவ்வளவு பெரியது, புகைபோக்கி எத்தனை, எத்தனை வீடுகள் சேர்ந்து அந்தச் செலவைப் பகிர்கின்றன என்று பாருங்கள். பழைய கட்டடத்தில் வீடுகள் குறைவாகவும் கூரை பெரிதாகவும் இருக்கும். புதிய அடுக்குமாடியில் இதற்கு நேர்மாறு. சர்வீஸ் சார்ஜ் ஏன் இரட்டிப்பாகிறது என்பதற்கு வேறு மர்மம் ஒன்றும் இல்லை.

தாம்பரத்து மருத்துவர்

நான் ஓய்வுபெற்ற நெஞ்சக நோய் மருத்துவன். அம்மாவின் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே, அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஏழாம் எட்வர்ட் ஜெர்மனியில் ஃபால்கென்ஸ்டைன் என்ற இடத்துச் சானடோரியத்தைப் பார்த்துவிட்டு, தன் நாட்டிலும் அப்படி ஒன்று வேண்டும் என்று நினைத்தார். எர்னஸ்ட் கேஸல் என்ற வங்கியாளர் 2,00,000 பவுண்ட் கொடுத்தார். 1903இல் மன்னர் அடிக்கல் நாட்டினார், 1906 ஜூனில் திறந்துவைத்தார். பெர்சி ஆடம்ஸ் என்ற கட்டடக்கலைஞருடைய நிறுவனத்தின் பெயரில் வேலை நடந்தது. வரைந்த கை சார்ல்ஸ் ஹோல்டனுடையது. ஆர்னோஸ் குரோவ் போன்ற பாதாள ரயில் நிலையங்களையும் லண்டன் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸையும் பின்னாளில் வடிவமைத்த அதே ஹோல்டன். தோட்டம், புகழ்பெற்ற தோட்ட வடிவமைப்பாளர் கெர்ட்ரூட் ஜெகில் திட்டமிட்டது. இந்த இரண்டு பெயருக்காகவே தனியாகக் காசு கொடுக்கிற ஆட்கள் இங்கிலாந்தில் உண்டு.

நீங்கள் விரும்பும் அந்தத் தெற்குப் பார்த்த பால்கனி அழகுக்காக வைத்தது அல்ல. அன்றைக்குக் காசத்துக்கு மருந்து கிடையாது. காற்றும் வெயிலும் ஓய்வும் சத்துள்ள உணவும்தான் சிகிச்சை. அதனால் நோயாளிகளின் அறைகள் எல்லாம் ஒரே வரிசையில் தெற்கு நோக்கி, நடைபாதை வடக்குப் பக்கம். பனி பெய்தாலும் கட்டிலைப் பால்கனிக்குத் தள்ளிவிடுவார்கள். தேவாலயத்தையும் இப்படியே கட்டினார்கள். ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என இரண்டு கூடங்கள் ஒரு கோணத்தில் சந்திக்கும். வெயில் விழும் பக்கம் முதலில் திறந்தே கிடந்தது, தொழுகை நேரத்திலும் காற்று வேண்டும் என்று.

நமக்கும் இந்த வரலாற்றில் ஒரு பங்கு உண்டு. சோமர்செட்டில் வெல்ஸ் நகரத்துக்கு அருகே மெண்டிப் ஹில்ஸ் சானடோரியத்தை நடத்தியவர் டாக்டர் டேவிட் சவுரி முத்து. 1917இல் கணிதமேதை ராமானுஜன் அங்கே நோயாளியாக இருந்தார். திறந்த ஜன்னலும் குளிரும் கும்பகோணத்துப் பிள்ளைக்கு என்ன பாடு கொடுத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதே முத்துதான் ஊர் திரும்பி 1928இல் தாம்பரம் சானடோரியத்தைத் தொடங்கினார். இன்றும் மின்சார ரயிலில் "சானடோரியம்" என்று ஒரு நிறுத்தம் இருக்கிறதே, அது அவர் விட்டுப்போனது.

இன்னொன்றும் உண்டு. இந்தக் கட்டடங்களை காலி செய்ததில் சென்னைக்கும் கை இருக்கிறது. 1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கியது. மருந்து ஒழுங்காகக் கொடுத்தால், நெரிசலான ஏழை வீட்டில் இருக்கும் நோயாளியும் சானடோரியத்தில் இருக்கும் நோயாளிக்கு நிகராகக் குணமாகிறார், குடும்பத்தாருக்கும் கூடுதல் ஆபத்து இல்லை என்று அவர்கள் 1959இல் நிறுவினார்கள். பைன் காடும் மலைக்காற்றும் தேவையில்லை என்று ஆனபின் உலகமெங்கும் சானடோரியங்கள் வேறு வேலை தேட வேண்டியதாயிற்று. மிட்ஹர்ஸ்ட் பொது மருத்துவமனையாக மாறி இன்னும் நெடுங்காலம் ஓடியது.

அம்மாவிடம் சொல்லுங்கள்: அங்கே இறந்தவர்கள் உண்டு, எழுந்து நடந்து ஊருக்குப் போனவர்களும் உண்டு. லண்டனில் விக்டோரியா காலத்து வரிசை வீடு எதில்தான் யாரும் சாகாமல் இருந்தார்கள்? சுவரில் காச நுண்ணுயிர் ஒளிந்திருக்கிறது என்ற பயமும் வேண்டாம். வெயில் படும் இடத்தில் அது நிலைக்காது.

வெண்பா

ஐயா, சென்னைத் தகவல் எனக்குப் புதிது. நன்றி.

ஆனால் வாஸ்துவைப் பற்றி யாரும் பேசவில்லையே? தெற்குப் பார்த்த வாசல் என்றால் என் மாமியார் படியே ஏற மாட்டார்.

தாம்பரத்து மருத்துவர்

பால்கனிதான் தெற்கு, அம்மா. நடைபாதை வடக்கே இருப்பதால் வாசலும் பெரும்பாலும் வடக்கே பார்க்கும். குபேர திசை என்று சொல்லி மாமியாரை ஏற்றிவிடுங்கள்.

சுண்ணாம்புக்காரை

நான் பழைய கட்டடங்களைப் புதுப்பிக்கும் துறையில் சர்வேயராக இருக்கிறேன். மலைச்சாரல் அக்கா கேட்ட ஆணிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன்.

படம் மாட்ட ஆணி அடித்தால் யாரும் சிறையில் போட மாட்டார்கள். ஆனால் பட்டியலில் உள்ள கட்டடத்தின் தன்மையை மாற்றும் எந்த வேலைக்கும் முன் அனுமதி வேண்டும். வெளிச்சுவர் மட்டும் அல்ல, உள்ளேயும் அப்படித்தான். பழைய கதவு, கைப்பிடிச்சுவர், கணப்பு, படிக்கட்டு, ஜன்னல் எல்லாம் சேர்த்தி. அனுமதி இல்லாமல் செய்வது 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சாதாரணத் திட்டமிடல் மீறலுக்குக் காலவரம்பு உண்டு, இதற்குக் கிடையாது. முந்தைய உரிமையாளர் செய்த தவறுக்கும் இப்போதைய உரிமையாளருக்கு நோட்டீஸ் வரலாம். குற்ற வழக்கு செய்தவர் மேல்தான். பழையபடி மாற்றிக் கட்டும் செலவு உங்கள் மேல்.

இங்கிலாந்தில் பட்டியலிடப்பட்ட கட்டடங்களில் கிரேடு 2 நட்சத்திரத் தகுதி பெற்றவை ஆறு சதவீதம்கூட இல்லை. பெரும்பான்மை சாதாரண கிரேடு 2. ஆகவே இங்கே அதிகாரிகளின் கண் இன்னும் கூர்மையாக இருக்கும். சவுத் டவுன்ஸ் தேசியப் பூங்காவுக்குள் வேறு இருக்கிறது.

இப்போது கட்டடத்தின் உடம்புக்கு வருவோம். பழைய செங்கல் சுவர் ஈரத்தை உறிஞ்சி, உலர்ந்து, மறுபடி உறிஞ்சி வாழ்கிறது. சுண்ணாம்புச் சாந்து அதற்கு இடம் கொடுக்கும். யாராவது இடையில் சிமென்ட் பூசியிருந்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் செங்கல்லையே உடைத்துக்கொண்டு வரும். எனவே சர்வேயர் வெளிச்சுவரின் சாந்துக் கோடுகளைப் பார்க்க வேண்டும். கூரை ஓடு, மழைநீர்த் தகடு, உள்பள்ளக் கால்வாய் ஆகியவையும் முக்கியம். பெரிய செலவுகள் பெரும்பாலும் மேலிருந்துதான் இறங்கும்.

சானடோரியத்துக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. மருத்துவர் ஐயா சொன்னபடி, ஜன்னல் எப்போதும் திறந்திருக்கும் என்ற நம்பிக்கையில் கட்டிய இடம் அது. இன்று நாம் அதை அடைத்து, சூடேற்றி, உள்ளே குளித்து, சமைத்து, துணி உலர்த்துகிறோம். காற்றோட்டம் சரியாக அமைக்கவில்லை என்றால் நீர்த்துளி கண்ணாடியில் நிற்கும், பிறகு பூஞ்சை. இரட்டைக் கண்ணாடி ஜன்னலுக்கு அனுமதி கிடைப்பது கடினம். உள்பக்கம் இன்னொரு கண்ணாடிச் சட்டம் பொருத்த அனுமதி கிடைப்பது எளிது, குளிருக்கும் சத்தத்துக்கும் அது நன்றாகவே உதவும்.

சத்தம் என்றதும் நினைவுக்கு வருகிறது. புதிய குடியிருப்பில் வீடுகளுக்கு நடுவே உள்ள சுவரும் தளமும் 45 டெசிபல் ஒலியைத் தடுக்க வேண்டும் என்பது விதி. மாற்றியமைத்த கட்டடத்துக்கு 43 போதும். தாளில் இரண்டுதான் வித்தியாசம். மேல்மாடிக்காரர் மரத்தளத்தில் செருப்போடு நடந்தால் உங்களுக்கே தெரியும். பார்க்கப் போகும்போது மேல்வீட்டில் ஆள் இருக்கும் நேரமாகப் போங்கள்.

நிலவுமொழி

சுண்ணாம்புக்காரை சொன்ன எல்லாமே என் கட்சிக்குத்தான் வலு சேர்க்கிறது. இவ்வளவு தொல்லைக்குப் பிறகும் ஒருவர் வாங்குவது ஏன்?

சுண்ணாம்புக்காரை

ஏனென்றால் யாரும் வாழாத பெரிய கட்டடம் நிற்காது. மிட்ஹர்ஸ்டிலேயே கவுட்ரே மாளிகையின் இடிபாட்டைப் போய்ப் பாருங்கள். 1793இல் எரிந்தது, பிறகு அப்படியே விட்டுவிட்டார்கள். இருபதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் நாட்டுப்புற மாளிகைகள் நூற்றுக்கணக்கில் இடிக்கப்பட்டன. வரி, ஆள்கூலி, போர்க்காலத்தில் ராணுவம் புகுந்து செய்த நாசம், எல்லாம் சேர்ந்து உரிமையாளர்களைச் சாய்த்தன. 1974இல் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் அந்த அழிவைப் பற்றியே ஒரு கண்காட்சி வைத்தது.

அதற்குப் பின்னர்தான் கிட் மார்ட்டின் போன்றவர்கள் வேறு வழி காட்டினார்கள். நார்ஃபோக்கில் கன்டன் ஹால் போன்ற இடங்களை எடுத்து, முக்கியமான பெரிய அறைகளைக் குறுக்கே வெட்டாமல், மாளிகையை மேலிருந்து கீழாகப் பிரித்துத் தனித்தனி வீடுகளாக்கினார் அவர். அந்த முறையில் உங்கள் தலைக்கு மேல் வேறொருவர் நடக்க மாட்டார், பெரிய அறையின் பூவேலைக் கூரையும் பாதியில் முடியாது. நல்ல மாற்றத்துக்கும் மோசமான மாற்றத்துக்கும் உள்ள வித்தியாசத்தை இதில் பார்க்கலாம். கூரையின் பூவேலை சுவரில் மோதி நின்றாலோ, ஜன்னலின் நடுவே ஒரு தடுப்புச்சுவர் வந்து முட்டினாலோ, அந்தக் கட்டடத்தை மாற்றியவருக்கு எண்ணிக்கைதான் குறி என்று முடிவு செய்யலாம்.

சானடோரியம் இந்த விஷயத்தில் அதிர்ஷ்டக் கட்டடம். ஏற்கெனவே வரிசையாகச் சிறு அறைகள், ஒரு பக்கம் நடைபாதை. இரண்டு மூன்று அறைகளை இணைத்தால் வீடு தயார். மாளிகையைப் பிளப்பது போன்ற வன்முறை தேவையில்லை.

பத்திரம் பார்ப்பவன்

காப்பாற்றுவது நல்ல காரியம்தான். அரசாங்கம் அதை எப்படிப் பார்க்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன். பட்டியலிடப்பட்ட கட்டடத்தில் அனுமதி பெற்றுச் செய்யும் மாற்றங்களுக்கு முன்பு வாட் வரி கிடையாது. 2012 அக்டோபரில் அந்தச் சலுகை போய்விட்டது. பழுதுபார்ப்புக்கு எப்போதுமே சலுகை இருந்ததில்லை. இப்போது இரண்டுக்கும் 20 சதவீதம். பக்கத்திலேயே புது வீடு கட்டினால் வாட் பூஜ்யம். பழையதைப் பேணுகிறவனுக்கு அபராதம், புதிது கட்டுகிறவனுக்குப் பரிசு. கோண்டாவிலான் அண்ணாவின் கூரைச் செலவிலும் ஆறில் ஒரு பங்கு வரியாகப் போயிருக்கும்.

கோண்டாவிலான்

போயிருக்கிறது தம்பி. அந்த வரியை ரசீதில் பார்த்தபோது எனக்கு வந்த வார்த்தையை நெறியாளர் எப்படியும் நீக்கியிருப்பார்.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். இவ்வளவு சொன்ன நான் ஏன் விற்றுவிட்டு வரவில்லை? அந்த வளவுக்குள் நடந்தால் எனக்கு மனம் ஆறுகிறது. முந்நூறு வருட மரங்கள், அகலமான படிக்கட்டு, ஆளுயர ஜன்னல். என் சம்பளத்தில் அப்படி ஒரு தோட்டத்துக்கு நான் தனியே முதலாளியாக முடியுமா? சேர்ந்து செலவழித்தால் சேர்ந்து அனுபவிக்கலாம். மனிதர்களும் நல்லவர்கள். என் எதிர்ப்பு கணக்கை மறைக்கும் ஆட்களோடுதான், கட்டடத்தோடு இல்லை.

மலைச்சாரல்

எல்லோருக்கும் நன்றி. அம்மாவிடம் மருத்துவர் ஐயாவின் பதிவை வாசித்துக் காட்டினேன். ராமானுஜன் பெயர் வந்ததும் அவர் குரலே மாறிவிட்டது. "சரி, பால் காய்ச்சு. ஜன்னலை மட்டும் மூடி வை" என்கிறார்.

இரண்டு கேள்விகள். கோண்டாவிலான் அண்ணா சொன்னதுபோல் நிர்வாகம் சரியில்லை என்றால் குடியிருப்பவர்கள் சேர்ந்து மாற்ற முடியாதா? அடுத்தது சிரிக்காதீர்கள், தாளிப்பு. கறிவேப்பிலையும் மிளகாயும் எண்ணெயில் விழுந்தால் எங்கள் இப்போதைய வீட்டிலேயே புகை மணி அடிக்கிறது.

பத்திரம் பார்ப்பவன்

முதல் கேள்விக்கு: உரிமை இருக்கிறது. 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒரு கட்டடத்தின் லீஸ்தாரர்களில் குறைந்தது பாதிப் பேர் சேர்ந்தால், நிலஉரிமையாளரின் தவறை நிரூபிக்காமலே தாங்கள் அமைக்கும் ஒரு நிறுவனத்தின் வழியாக நிர்வாகத்தைத் தங்கள் கைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

ஆனால் உங்கள் இடம் போன்ற பெரிய வளாகத்தில் இது சிக்கல். ஒரு கட்டடத்துக்கு ஒரு நிறுவனம்தான் அமைக்க முடியும், பல கட்டடங்களுக்குச் சேர்த்து ஒன்று அமைக்க முடியாது என்று 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. 2022இல் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி போனது. உங்கள் கட்டடத்தின் நிர்வாகத்தை எடுக்கலாம், மற்ற கட்டடங்களோடு பொதுவாக உள்ள சாலை, தோட்டம், வாயில் போன்றவை அதில் வராது என்றது. அதாவது ஜெகில் தோட்டத்தை வெட்டிச் சீர்செய்யும் கட்டணத்தை நீங்கள் தொடர்ந்து வேறொருவருக்குக் கட்டிக்கொண்டுதான் இருக்க வேண்டும். லீஸில் கட்டடக் கட்டணம், வளாகக் கட்டணம் என்று இரண்டு தனித்தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். வளாகத்தில் பிறகு கட்டிய புதிய வீடுகள் எந்த விகிதத்தில் பங்கு போடுகின்றன என்பதும் அங்கேயே இருக்கும்.

அதற்காக லீஸ்தாரர் பல்லில்லாத பாம்பு என்று நினைக்க வேண்டாம். ஒரு வேலைக்கு ஒரு வீட்டின் பங்கு 250 பவுண்டைத் தாண்டினால் முன்கூட்டியே கலந்தாலோசிக்க வேண்டும். செய்யாவிட்டால், தீர்ப்பாயம் விலக்கு அளித்தால் ஒழிய, அந்த 250க்கு மேல் வசூலிக்க முடியாது. கட்டணம் நியாயமற்றது என்று தீர்ப்பாயத்துக்கும் போகலாம். கோண்டாவிலான் அண்ணா போனாரா?

கோண்டாவிலான்

கலந்தாலோசனைக் கடிதம் முறைப்படி வந்தது. மூன்று விலைப்புள்ளிகள், எல்லாம் ஒழுங்கு. ஒழுங்காகவே கொட்டினார்கள்.

சுண்ணாம்புக்காரை

தாளிப்புக்கு நான் சிரிக்கவில்லை அக்கா, தொழில்முறையில் இதை அடிக்கடி சந்திக்கிறேன். வெளியே புகை தள்ளும் மின்விசிறிக்குச் சுவரில் துளை வேண்டும். பட்டியலிட்ட கட்டடத்தின் முகப்பில் துளை போட விட மாட்டார்கள். மாற்றும்போதே பழைய புகைபோக்கி வழியாகவோ கூரை வழியாகவோ குழாய் போட்டிருந்தால் தப்பித்தீர்கள். இல்லையென்றால் கரி வடிகட்டி வைத்து அதே காற்றை வீட்டுக்குள்ளேயே திருப்பி அனுப்பும் கருவிதான் இருக்கும். எண்ணெய்ப் பிசுக்கைப் பிடிக்கும், மிளகாய் நெடியை முழுதாகப் பிடிக்காது. அடுப்புக்கு மேலே உள்ள விசிறியைப் போட்டு, காற்று எங்கே போகிறது என்று கையை வைத்துப் பாருங்கள்.

சூடேற்றுவது எப்படி என்றும் கேளுங்கள். வளாகம் முழுவதற்கும் பொதுக் கொதிகலனா, வீட்டுக்கு ஒன்றா? பொது என்றால் எரிபொருள் என்ன, யூனிட் விலையை யார் தீர்மானிக்கிறார்கள்? சப்ளையரை மாற்றும் சுதந்திரம் அங்கே உங்களுக்கு இருக்காது.

வெண்பா

லீஸில் "பால்கனியில் துணி உலர்த்தக் கூடாது", "மரத்தளத்தில் கம்பளம் விரிக்க வேண்டும்", "நாய் கூடாது" என்றெல்லாம் இருக்கும். எங்கள் நண்பர் வீட்டில் கோலம் போட்டதற்கே நிர்வாகத்திலிருந்து கடிதம் வந்தது. பொது நடைபாதையாம்.

நிலவுமொழி

கோலத்துக்குக் கடிதமா! என் வாக்கை மறுபடியும் பதிவு செய்கிறேன், வேண்டாம்.

மலைச்சாரல்

சனிக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். நிலவுமொழி மன்னிக்க வேண்டும், இடம் எங்களைக் கவிழ்த்துவிட்டது. ஹேஸல்மியரிலிருந்து காரில் போகும் வழியே அழகு. மேல்வீட்டில் ஆள் இருந்தார், காலடி கேட்டது, தாங்க முடியாத அளவுக்கு இல்லை. அடுப்பு விசிறி காற்றை வெளியே தள்ளவில்லை, என் முகத்தில்தான் அடித்தது. லண்டன் டூட்டிங்கில் உள்ள நம்மூர்க் கடைக்குப் போய்வர அரைநாள் ஆகும் என்பதையும் கணக்கில் சேர்த்துவிட்டோம். சர்பிட்டன் வீட்டை விற்றுவிடலாம் என்று கணவரே சொல்லிவிட்டார், அந்த 30,000 பவுண்ட் அவரைத் தூங்க விடவில்லை.

ஒரு சின்ன உறுத்தல். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே சுவர் இல்லை, ஒரே பெரிய அறையாக இருக்கிறது. அதே வரிசையில் விற்பனையான வேறு வீடுகளின் பழைய வரைபடங்களை இணையத்தில் பார்த்தேன், அவற்றில் சுவர் இருக்கிறது. இதில் முதலிலிருந்தே இப்படியா, பிறகு எடுத்தார்களா என்று ஏஜென்டிடம் கேட்டேன். "விற்பவரிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்றார். திட்டமிடல் அலுவலகத்துக்குத் திங்கட்கிழமை ஃபோன் செய்து கேட்டுவிடலாமா?

பத்திரம் பார்ப்பவன்

ஃபோன் செய்யாதீர்கள்! முதலில் தேசியப் பூங்கா ஆணையத்தின் இணையதளத்தில், அந்த முகவரிக்கு வழங்கிய அனுமதிகளைத் தேடுங்கள். அது எல்லோருக்கும் திறந்த ஆவணம், பார்ப்பதால் யாருக்கும் தகவல் போகாது. மாற்றம் செய்த காலத்து அனுமதியின் வரைபடத்தில் இந்த வீட்டில் சுவர் இல்லை என்றால் பிரச்சினையே இல்லை.

வரைபடத்தில் சுவர் இருந்து, பிற்பாடு எடுக்க அனுமதியும் இல்லை என்றால், விற்பவர் தரப்பு "இன்டெம்னிட்டி இன்சூரன்ஸ் எடுத்துத் தருகிறோம்" என்று வரும். அந்தக் காப்பீடு உங்களுக்குப் பணத்தைத் தரலாம், நோட்டீஸைத் தடுக்காது. அலுவலகத்தை நீங்கள் முன்பே தொடர்புகொண்டிருந்தால் பெரும்பாலான நிறுவனங்கள் அந்தக் காப்பீட்டையே தர மாட்டா. அதனால்தான் ஃபோன் வேண்டாம் என்கிறேன். விற்பவரே இப்போதாவது விண்ணப்பித்து முறைப்படுத்தட்டும், இல்லை விலையில் தெரியட்டும். உங்கள் சாலிசிட்டர் வழியாகவே கேளுங்கள். லீஸ்ஹோல்டு என்பதால் நிலஉரிமையாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலும் தனியாக வேண்டும்.

சுண்ணாம்புக்காரை

எடுத்த சுவர் எது என்றும் பார்க்க வேண்டும். மாற்றும்போது போட்ட இலகுரகத் தடுப்பு என்றால் அதிகாரிகள் பெரிதாக அலட்டிக்கொள்ள மாட்டார்கள். 1906ஆம் ஆண்டுச் செங்கல் சுவர் என்றால் கதை வேறு, மேல்தளத்தின் பாரம் எதில் நிற்கிறது என்ற கேள்வியும் சேர்ந்து வரும். கூரையில் அந்த இடத்தில் பாரம் தாங்கும் உத்திரம்போல ஒரு பட்டை கீழே இறங்கி நிற்கிறதா? படம் இருந்தால் போடுங்கள் அக்கா.

மலைச்சாரல்

பட்டை இல்லை, சமதளமாக இருக்கிறது. படம் எடுக்கவில்லை. புதன்கிழமை கணவர் மட்டும் மறுபடி போகிறார், அளவு நாடாவோடு அனுப்புகிறேன். எல்.பி.இ.1 படிவமும் கேட்டிருக்கிறோம், இன்னும் வரவில்லை.

கோண்டாவிலான்

படிவம் வரும்வரை சர்வேயருக்குக் காசு கட்டாதீர்கள் தங்கச்சி. போகிற ஆளிடம் கூரையையும் வெளியே நின்று படம் எடுக்கச் சொல்லுங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன்.